ஊராட்சி அளவில் ஆட்டிசம், ஏடிஹெச்டி, டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளுக்கான உரிமைப் பணி: தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆட்டிசம் (பழகுவதிலும் பேசுவதிலும் வேறுபாடு), ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, மிகுந்த துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம்) போன்ற நரம்பியல் வேறுபாடுகளோடு வளரும் குழந்தைகளுக்காகத் தம் ஊரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று முன்வருவோர் பெரும்பாலும் முதலில் தேதியைத்தான் குறிக்கிறார்கள். ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்பதால், அன்றைக்கு ஒரு பேரணி, ஒரு மேடை, நான்கைந்து சால்வைகள் என்று திட்டம் உருவாகிவிடுகிறது. அந்த மேடைப் பேச்சைக் கேட்ட ஒரு தாய், "என் பிள்ளையும் இப்படித்தான் இருக்கிறான், எங்கே போய்க் காட்ட வேண்டும்?" என்று கேட்கும்போது தெளிவான பதில் சொல்ல ஆள் இல்லையென்றால், அவர் கலக்கத்தோடு வீடு திரும்புவார்; அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே வரமாட்டார். ஆகவே, இந்தப் பணியில் இறங்குவோர் பேசத் தொடங்கும் முன்பே, பேச்சைக் கேட்டு வரும் குடும்பத்தை எங்கே, யாரிடம் அழைத்துச் செல்வது என்பதை முடிவு செய்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு கிராம ஊராட்சியை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். நகராட்சி வார்டுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

வழியை முதலில் நீங்கள் நடந்து பாருங்கள்

தொடக்கத்தில் ஒரு மாதத்தை நிகழ்ச்சி எதுவும் நடத்தாமல் விவரம் சேகரிப்பதற்கே ஒதுக்குங்கள். ஊரில் எந்த வீட்டில் எத்தனை குழந்தைகள், யாருக்குப் பேச்சு வரவில்லை, யார் பள்ளியிலிருந்து நின்றுவிட்டார் என்பதெல்லாம் அங்கன்வாடிப் பணியாளருக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ஏற்கெனவே தெரியும். அவர்களுக்குப் போட்டியாக ஒரு புதிய கணக்கெடுப்பைத் தொடங்காமல், அவர்களைப் பணியின் நடுவில் வைத்துக்கொள்வதே நல்லது. 2013இல் தொடங்கப்பட்ட தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வந்து, பிறந்தது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதமும் அந்தப் பரிசோதனையில் அடங்கும். அக்குழு உங்கள் ஊருக்கு எப்போது வருகிறது என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டால், சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை அன்று வரவழைப்பதே உங்கள் முதல் பெரிய வெற்றியாக அமையலாம். அக்குழு பரிந்துரைக்கும் குழந்தைகள் செல்ல வேண்டிய இடம், மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம்; வளர்ச்சித் தாமதம் உள்ள பிள்ளைகளுக்குச் சிகிச்சையும் பயிற்சியும் அங்கே கிடைக்கும்.

அந்த மையத்துக்கு ஒருமுறை நீங்களே பேருந்தில் போய் வாருங்கள். எந்தக் கட்டடம், எந்த அறை, பேச்சுப் பயிற்சியாளர் எந்தெந்தக் கிழமைகளில் இருக்கிறார், குழந்தை அழுது புரண்டால் காத்திருக்க அமைதியான இடம் உண்டா, அருகில் கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையெல்லாம் குறித்து வாருங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பேச்சு வராத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வரும் பெண்ணுக்கு, 'புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குள் இந்த வாசல் வழியாகப் போங்கள்' என்ற ஒரு வரி, ஒரு மணி நேரச் சொற்பொழிவைவிடப் பயன்படும். அதே முறையில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு ஆகியவற்றையும் நேரில் சென்று அறிமுகம் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுத் திண்ணையில் பேசும் முறை

கூட்டத்துக்கு வராத குடும்பங்களே அதிக உதவி தேவைப்படும் குடும்பங்கள் என்பதால், இப்பணியில் வீடு வீடாகச் செல்வதைத் தவிர்க்க முடியாது. செல்லும்போது இருவருக்கு மேல் வேண்டாம். அவர்களில் ஒருவர் அந்தத் தெருவுக்குப் பழக்கமானவராக இருக்கட்டும். கையில் கோப்பும் கேள்வித்தாளுமாகப் போய் நிற்க வேண்டாம். 'உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம்' என்று எக்காரணம் கொண்டும் சொல்ல வேண்டாம். அதைச் சொல்லும் தகுதி மருத்துவருக்கும் பயிற்சி பெற்ற உளவியலாளருக்கும் மட்டுமே உண்டு. நாம் செய்யக்கூடியது, குழந்தை அன்றாடம் என்ன செய்கிறது என்று கேட்டு, அதிலிருந்து பரிசோதனைக்கு அழைப்பது.

இத்தகைய பேச்சு எப்படிப் போகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. வாசலில் மூன்று வயதுப் பையன் எவர்சில்வர் டப்பா மூடியைத் தரையில் சுழற்றிவிட்டு, அது நின்றதும் மறுபடி சுழற்றிக்கொண்டிருக்கிறான். பேச்சு வந்ததா என்று கேட்டால் பாட்டிதான் முதலில் பதில் சொல்கிறார்: "அவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான், கண்ணு. ஆம்பளப் புள்ளைக்கு அப்படித்தான்." இந்த இடத்தில் அவரை மறுத்துப் பேசினால் கதவு சாத்தப்படும். "ஆமா பாட்டி, சில பிள்ளைங்க மெதுவாத்தான் பேசும். தம்பி தனக்கு வேணுங்கிறத எப்படிக் கேக்கிறான்?" என்று கேளுங்கள். "எங்க கேக்கிறான்? என் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போய், தண்ணிக் கொடத்து மேல வைப்பான்" என்று அவரே சொல்வார். விரலை நீட்டிக் காட்டாமல் பெரியவர் கையைக் கருவியாகப் பயன்படுத்துவது பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டிய ஓர் அடையாளம். அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்த பிறகு, "அதையே அந்த டாக்டர்கிட்டயும் சொல்லுவோம் பாட்டி, நானும் கூட வர்றேன்" என்று சொல்வது எளிது.

களப்பணியாளர் மனத்தில் வைத்திருக்க வேண்டிய அடையாளங்கள் மிகச் சில: ஒரு வயதாகியும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமல் இருப்பது, மழலை ஒலிகளோ சுட்டிக்காட்டுதலோ இல்லாதிருப்பது, பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லாதது, எந்த வயதிலாயினும் இருந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கச் சொல்லக் கூடாது. பள்ளி வயதில் அடையாளங்கள் வேறு. வாய்மொழியாகக் கேட்டால் சரியான பதில் சொல்லும் பிள்ளை எழுதும்போது தடுமாறினாலோ, எவ்வளவு படித்தும் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறினாலோ, அதைச் சோம்பல் என்று தள்ளிவிட வேண்டாம். பெண் பிள்ளைகள் அமைதியாக இருந்து மற்றவர்களைப் பார்த்து அதேபோல் நடந்துகொள்வதால், அவர்களிடம் இவை பல ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகின்றன.

வீடுகளில் பழியும் இருக்கும். மாமன் மகளைக் கட்டியதால் வந்தது, தாய் போனைக் கொடுத்ததால் வந்தது, தடுப்பூசியால் வந்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். சுமை முழுவதும் தாயின் தலையில் விழும். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் வளர்ப்பு முறையால் ஆட்டிசம் வருவதில்லை என்பதையும் உறுதியாகவும் மென்மையாகவும் சொல்லுங்கள்; தந்தையும் மாமியாரும் இருக்கும்போது சொன்னால் இன்னும் நல்லது. முழுமையாகக் குணப்படுத்துவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் வாங்கும் இடங்களைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெரிவித்திருக்கிறது. நகையை அடகு வைக்கும் முன் அந்தக் குடும்பத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். இரவுத் தூக்கமின்றித் தளர்ந்துபோயிருக்கும் பெற்றோரைக் கண்டால், அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலிமனாஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

கையில் இருக்க வேண்டிய சட்ட அறிவு

இரக்கத்தின் பெயரால் கேட்கும்போது மறுக்கப்படுவது, சட்டப் பிரிவைச் சுட்டிக்காட்டிக் கேட்கும்போது பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. எனவே சில பிரிவுகளை எண்ணோடு நினைவில் வைத்திருப்பது இப்பணியில் ஈடுபடுவோரின் கடமை. குழந்தைகளுக்கான இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 13ஆம் பிரிவு, பள்ளிச் சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டுவதைத் தடை செய்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016இன் 16ஆம் பிரிவு, அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும், கற்றல் குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதே 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தேர்வுக்குக் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவை இடம்பெற்றுள்ளன. அச்சட்டத்தின் 31ஆம் பிரிவின்படி, 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு.

தனியார் பள்ளி ஒன்று, "உங்கள் பிள்ளைக்கு இது ஏற்ற இடமில்லை" என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், பெற்றோரோடு சென்று, அந்த மறுப்பை எழுத்தில் தருமாறு பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்கும் பள்ளி பெரும்பாலும் மீண்டும் பேச முன்வரும். அப்படியும் நடக்கவில்லையென்றால், முதன்மைக் கல்வி அலுவலருக்கும், திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் மனுக் கொடுக்கலாம். அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரும், மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையமும் இருக்கின்றன. மனு ஏற்பு ரசீதைப் பெற்றோரே பத்திரப்படுத்த வேண்டும். நாம் வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஓர் இடைவெளியையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசமும், டிஸ்லெக்சியா அடங்கும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் உள்ளன. ஏடிஹெச்டி தனி வகையாக இல்லை. ஏடிஹெச்டி மட்டும் உள்ள பிள்ளையின் பெற்றோரிடம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைத்துவிடும் என்று நம்பிக்கை கொடுத்து அலையவிட வேண்டாம். அந்தப் பிள்ளைக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு முழுமையாக உண்டு. முன்வரிசை இருக்கை, துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுக்கும் வீட்டுப்பாடம், இடையில் எழுந்து நடக்க அனுமதி ஆகியவற்றுக்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை, ஆசிரியரின் மனம் இருந்தால் போதும்.

தகுதியுள்ள பிள்ளைகளுக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க உதவுங்கள். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று ஆகியவற்றோடு இணையவழியில் பதிவு செய்துவிட்டு, மருத்துவச் சான்றிதழ் வழங்கும் நாளில் நேரில் செல்ல வேண்டும். கற்றல் குறைபாட்டுக்கான சான்றிதழ் பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகே வழங்கப்படுகிறது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உதவும். பயிற்சிச் செலவும் அதில் ஒரு வரம்புக்குள் அடங்கும் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கான விண்ணப்பத்தைக் கல்வியாண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். தேர்வு நெருங்கிய பிறகு ஓடுவது வீண்.

நிகழ்ச்சி நடத்தும் நாள்

இத்தனையும் ஆன பிறகு நிகழ்ச்சி நடத்தலாம். யாருக்காக நடத்துகிறோமோ அந்தப் பிள்ளைகள் அங்கே நிம்மதியாக இருக்க முடிய வேண்டும். ஒலிபெருக்கி வேண்டாம், சமுதாயக் கூடத்தில் நாற்பது பேருக்குப் பேச மனிதக் குரல் போதும். பட்டாசு, மேளம், கூட்டமாகக் கைதட்டல் ஆகியவற்றைத் தவிர்த்துவிட்டு, இரண்டு கைகளையும் உயர்த்தி அசைத்துப் பாராட்டும் முறையைத் தொடக்கத்திலேயே சொல்லிக் கொடுங்கள். மின்னி மின்னி எரியும் டியூப்லைட்டை முந்தின நாளே மாற்றிவிடுங்கள். கூடத்தின் படம், வாசலின் படம், வரவேற்கப் போகிறவரின் முகம் ஆகியவற்றை இரண்டு நாள் முன்பே பெற்றோரின் போனுக்கு அனுப்பினால், புதிய இடம் என்ற பதற்றம் குறையும். ஒரு பக்க அறையில் பாய் விரித்து, விளக்கைக் குறைத்து, 'களைத்தால் இங்கே வரலாம்' என்று படத்தோடு எழுதி ஒட்டுங்கள். ஓடிப்போகும் பழக்கமுள்ள பிள்ளைகள் வருவார்கள் என்பதால் வாசலில் எப்போதும் ஒருவர் நிற்க வேண்டும். அருகில் கிணறோ குளமோ இருந்தால் அங்கேயும் ஒருவர். மொத்தம் ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள், சிறப்பு விருந்தினர் உரை ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

கூட்டத்தின் பின்வரிசையில் ஒரு சிறுவன் தரையில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவனை எழுப்பி உட்கார வைக்க யாராவது வருவார்கள். அவர்களைத் தடுத்து, அவன் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லுங்கள். நாற்பது பேர் முன்னிலையில் அந்தத் தாய் முதல்முறையாக மன்னிப்புக் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். அன்றைய நிகழ்ச்சியில் மற்ற பெற்றோர் கற்றுக்கொள்வதில் இதுவும் ஒன்று.

புகைப்படம் குறித்துக் கண்டிப்பு தேவை. பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது, உதவிப் பொருளைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பது, மேடையில் ஏற்றி 'இவருக்கு இன்ன குறைபாடு' என்று அறிமுகம் செய்வது ஆகிய மூன்றையும் முற்றாகத் தவிர்க்க வேண்டும். நன்கொடையாளர் படம் கேட்டால் கூடத்தின் படத்தை அனுப்பலாம். பொது இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 92ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் கூட்டத்தில் ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

பாதுகாப்பு

தன்னார்வலர் எவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது என்ற விதியை எழுதி, அனைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். பேச இயலாத பிள்ளைகள் பாலியல் வன்முறைக்கு எளிதில் இலக்காகிறார்கள். வெளியே சொல்ல மாட்டார்கள் என்ற துணிச்சலே காரணம். உடல் உறுப்புகளின் பெயர்களையும் 'வேண்டாம்' என்பதையும் படங்கள் வழியாகவோ சைகை வழியாகவோ சொல்லத் தெரிந்திருப்பது அவர்களுக்கு ஒரு காப்பு. பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் தொடங்கும் முன்பே அதைப் படங்களோடு விளக்க வேண்டும். குற்றம் நடந்ததாகத் தெரியவந்தால், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவு அதைக் காவல் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குகிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்த்துக்கொள்ள அதில் இடமில்லை. 1098 எந்நேரமும் இயங்கும் குழந்தைகள் உதவி எண். வாக்குமூலம் பெறும்போது அந்தப் பிள்ளையின் மொழியை அறிந்த சிறப்பாசிரியரின் உதவியைப் பெற அச்சட்டத்தில் வழியுண்டு. நாமே துருவித் துருவிக் கேள்வி கேட்டுப் பிள்ளையைக் குழப்பிவிடக் கூடாது.

கிராம சபையில் வைக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. பொதுவான உறுதிமொழி போன்ற தீர்மானத்தால் பயனில்லை. அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவரும் கதவும் அமைப்பது, பள்ளியில் ஓர் அமைதி மூலை ஒதுக்குவது, திருவிழா நாட்களில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கியை நிறுத்துவது, கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவைத் தவறாமல் கூட்டுவது போன்ற சரிபார்க்கக்கூடிய கோரிக்கைகளை எழுதிக் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் பதிவாவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். பெற்றோரே பேசுவது நல்லது. அவர்கள் பேசத் தயங்கினால் முந்தின நாள் ஒருமுறை பேசிப் பழக உதவலாம். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் இந்தப் பெற்றோர் ஒருவராவது உறுப்பினராக வேண்டும்.

இளைஞர்களின் குரல்

இந்தியா 1992இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் உறுப்பு, தம்மைப் பற்றிய விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளிக்கிறது. ஊர்ப் பணிகளில் மிக எளிதாக மறக்கப்படுவது இதுதான். பதினைந்து வயது ஆட்டிசம் உள்ள பெண்ணை வைத்துக்கொண்டே அவளைப் பற்றி அவள் தாயிடம் பேசுகிறோம். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. திட்டமிடும் குழுவில் இத்தகைய இளைஞர்கள் இருவராவது இருக்கட்டும். கூட்டத்தில் விவாதிக்கப்போகும் பொருளை முன்கூட்டியே எளிய வரிகளில் கொடுங்கள். பதிலை எழுதியோ, படத்தைச் சுட்டியோ, குரல் பதிவாக அனுப்பியோ தர அனுமதியுங்கள். கேள்வி கேட்டபின் பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருங்கள். அவர்கள் 'இந்த நிகழ்ச்சி வேண்டாம்' என்று சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பதினாறு வயதைக் கடந்தவர்களின் குடும்பங்களோடு அடுத்த கட்டத்தைப் பற்றி இப்போதே பேசத் தொடங்குங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும், அரசு வேலைவாய்ப்பில் 4 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. அந்த 4இல் 1 விழுக்காடு ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய் உள்ளவர்களுக்கும் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் உரியது. பதினெட்டு வயதானதும் சட்டப்பூர்வப் பாதுகாவலர் நியமனம் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழு அதை முடிவு செய்கிறது. எல்லோருக்கும் அது தேவைப்படாது. தன் பணத்தை எண்ணிக் கையாளவும், தன் விருப்பத்தைத் தெரிவிக்கவும் முடிந்த இளைஞருக்கு, வங்கிக்கு உடன் செல்லும் துணையே போதுமானதாக இருக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, அவரோடு கலந்து முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் முறையையும் வைத்திருக்கிறது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அந்த இளைஞருக்கே, அவருக்குப் புரியும் முறையில், வீட்டில் ஒருமுறையும் அலுவலகத்தில் ஒருமுறையும் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.